பெங்களூருத் தமிழ்ச் சபையின் ஓராண்டு: சேகரக் கமிட்டிக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவச் சபையையோ சபைகளையோ சேகரம் என்கிறோம். அதன் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் செயலராகவோ பொருளாளராகவோ பொறுப்பேற்றவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு பெரிய சுவர் நாட்காட்டி. சபை ஒரே சமயத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வாழ்கிறது. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் அட்வெந்துடன் தொடங்கி, கிறிஸ்து பிறப்பு, லெந்து என்னும் தவக்காலம், உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே, திரித்துவ காலம் என்று சுற்றிவரும் திருச்சபை ஆண்டு ஒன்று; ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச் 31-இல் முடியும் கணக்காண்டு மற்றொன்று. ஆராதனையை மட்டும் பார்க்கும் கமிட்டி மார்ச் கடைசியில் கணக்கில் திணறுகிறது. கணக்கை மட்டும் பார்க்கும் கமிட்டி, பரிசுத்த வாரத்தில் யார் எந்த ஆராதனைக்கு வாசகர் என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்கிறது. ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரக்கூடும் என்பதால் இவ்விரண்டும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. 2024-இல் ஈஸ்டர் பண்டிகை மார்ச் 31 அன்றே வந்தது. 2027-இல் மார்ச் 28 அன்று வரவிருக்கிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பில்களைத் தீர்த்தல், முன்பணங்களைத் திரும்பப் பெறுதல், வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தல் ஆகியவற்றை மார்ச் நடுவிலேயே முடித்துவிட்டால்தான், பெரிய வெள்ளியன்று பொருளாளர் மும்மணி நேர ஆராதனையில் நிம்மதியாக உட்கார முடியும்.

இங்கே சொல்லப்படுவன தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த, பெங்களூரில் தமிழில் ஆராதிக்கும் சபைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாக இணைந்தபோது, பேராயர் ஆளுகை ஆங்கிலிக்கன் மரபிலிருந்தும், சபையார் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் மற்ற மரபுகளிலிருந்தும் வலிமை பெற்று நம்மிடம் வந்தன. ஆகவே நம் சபை ஆயர் ஒருவரின் விருப்பப்படி நடப்பதும் அன்று, கமிட்டியின் பெரும்பான்மைப்படி மட்டும் நடப்பதும் அன்று. ஆராதனை ஒழுங்கு, திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து), பிரசங்க பீடம் ஆகியவை பேராயருக்குக் கட்டுப்பட்டு ஆயரின் பொறுப்பில் இருக்கின்றன. வரவு செலவு, பராமரிப்பு, சபை ஊழியர் நலன் ஆகியவை ஆயரைத் தலைவராகக் கொண்ட கமிட்டியின் கூட்டுப் பொறுப்பில் இருக்கின்றன. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக அறிந்தவர்கள் கூட்டத்தில் குரலை உயர்த்த வேண்டிய தேவை அரிதாகவே வரும். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பேராயத்தின் அலுவலகத்திலிருந்து அமைப்பு விதிகளின் நடப்புப் பதிப்பை வாங்கி, சேகரத்தைப் பற்றிய அத்தியாயங்களைக் கமிட்டியார் அனைவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்), பதவிக்காலம், வாக்குரிமைத் தகுதி ஆகியவை பேராயத்துக்குப் பேராயம் மாறுபடுபவை. ஊரில் அப்பா காலத்தில் இருந்த வழக்கம் இங்கே விதியாகாது.

அங்கத்தினர் பதிவேடு

ஓராண்டு முழுவதற்கும் ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், அங்கத்தினர் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள் என்றே சொல்வேன். சபைத் தேர்தலில் எழும் வழக்குகள், பொதுக்கூட்டத்தில் எழும் கூச்சல், கல்லறை இடத்துக்காக வரும் மனஸ்தாபம், திருமணச் சான்றிதழுக்காக வரும் அலைச்சல் ஆகியவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிழையான ஒரு பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கும். பணத்தில் வரும் குழப்பத்தைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். பெயரில் வரும் குழப்பத்தைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் இல்லை.

பெங்களூரில் இந்த வேலை கடினமானதற்குக் காரணம் உண்டு. கண்டோன்மென்ட் உருவான காலத்தில் சென்னை ராணுவத்தோடும் அதன் தேவைகளோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிவாஜிநகர், அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் ஆலயத்துக்கு நடந்து வரும் தூரத்தில் வாழ்ந்தன. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஹென்னூரிலும் கே.ஆர். புரத்திலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கிறார்கள். பெயர் மட்டும் பழைய வட்டாரத்தில் இருக்கிறது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டதைச் சுற்றியுள்ள ஆண்டுகளில் அங்கிருந்து பெங்களூருக்கு இடம் பெயர்ந்தவர்களில் சிலர் பழைய சபை தரும் மாற்றுக் கடிதம் கொண்டுவந்தார்கள், சிலர் கொண்டுவரவில்லை. வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த இளைஞர்களோ ஞாயிறுதோறும் இங்கே திருவிருந்தில் பங்குபெற்றுக்கொண்டு, சந்தாவையும் வாக்கையும் சொந்த ஊர்ச் சபையில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு சபைகளில் வாக்காளராக இருக்கக் கூடாது என்பதை அவர்களிடம் கனிவோடு எடுத்துச் சொல்லி, மாற்றுக் கடிதம் பெற்றுக்கொண்டு இங்கே முழு அங்கத்தினர் ஆக விருப்பமா, அல்லது விருந்தினராகவே தொடர விருப்பமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் கேட்பது அவர்களைத் தள்ளி வைப்பதாக ஆகிவிடும் என்று சில கமிட்டிகள் தயங்குகின்றன. உண்மையில், தன்னை ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்ற நிறைவையே அந்தக் கேள்வி பலருக்குத் தருகிறது.

பதிவேட்டை அமைக்கும் முறை எளிது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் பேராயர் முன் தம் விசுவாசத்தை உறுதிசெய்தல்) நாள், சபையில் சேர்ந்த நாள், சேர்ந்த விதம் ஆகிய தகவல்கள். சேர்ந்த விதம் என்பதில் பிறப்பாலா, மாற்றுக் கடிதத்தாலா, திருமணத்தாலா என்ற குறிப்பு. கணினியில் வைத்திருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அச்செடுத்து, ஒவ்வொரு தாளிலும் ஆயரும் செயலரும் கையொப்பமிட்டுப் பைண்டு செய்து பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த செயலர் வரும்போது கடவுச்சொல் தொலைந்துபோவது நம் சபைகளில் சாதாரணமாக நடப்பது. லெந்து காலத்தில் ஆயரும் வட்டாரப் பொறுப்பாளரும் வீடு சந்திக்கப் போகும்போது அந்த வட்டாரத்தின் தாள்களைக் கையோடு எடுத்துச் சென்று, வீட்டாரிடமே காட்டித் திருத்தி வாங்கிவருவதைவிடச் சிறந்த கணக்கெடுப்பு இல்லை. ஜெபம் முடிந்ததும் தாளை நீட்டினால், வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரும், கன்னடச் சபைக்கு மணமாகிப் போன மகளின் பெயரும், படுக்கையில் இருப்பதால் வீட்டிலேயே நற்கருணை (திருவிருந்து) வேண்டியிருக்கும் பாட்டியின் பெயரும் ஒரே அமர்வில் வெளிவந்துவிடும்.

இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு உள்ளூர்ச் சபையிலும் வாக்காளர் பட்டியலை முழுதும் ஒதுக்கிவிட்டு, விரும்பும் ஒவ்வொருவரும் புதிதாக விண்ணப்பித்துப் பெயர் சேர்க்க வேண்டும். 2019-இலும் 2025-இலும் அவ்வாறு நடந்தது. நம் விதிகள் அதைக் கேட்கவில்லை என்றாலும், தேர்தல் இல்லாத ஓர் ஆண்டைத் தெரிந்தெடுத்து, பேராயத்தின் ஒப்புதலோடு பட்டியலை இப்படிப் புதுப்பித்துக்கொள்ளும் சபைக்குப் பெரும் நிம்மதி கிடைக்கும். தேர்தல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள். அப்போது செய்யப்படும் நேர்மையான திருத்தத்துக்கும் உள்நோக்கம் கற்பிக்கப்படும்.

தற்காலிக வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்க நாள் கொடுத்து, வந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் தந்த பிறகே இறுதிப் பட்டியலை வெளியிடுங்கள். சந்தா பாக்கி காரணமாகப் பெயர் விடுபடும் நிலை வந்தால், அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே தனிப்பட்ட முறையில் தகவல் சொல்லிவிடுவது கிறிஸ்தவக் கடமை. வேலை இழந்தவரையோ விதவைத் தாயையோ பலகையில் பெயர் இல்லாததைப் பார்த்து அறிந்துகொள்ளும்படி விடுவது எந்த விதியாலும் நியாயமாகிவிடாது. அவர்களுக்குச் சந்தாவைத் தள்ளுபடி செய்ய ஆயரும் கமிட்டியும் தீர்மானம் எழுதலாமா என்று விதித்தொகுப்பைப் பாருங்கள், வழி இருந்தால் பெயரைக் குறிப்பிடாமல் எழுதிவையுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் முந்தைய ஆண்டின் ரொக்கப் புத்தகத்தை மூடி, எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் ஒத்துப்பார்த்த அறிக்கை எடுத்துவிட வேண்டும். எல்லாக் கணக்குகள் என்று சொல்வதற்குக் காரணம், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு, ஓய்வுநாள் பாடசாலை ஆகியவை சிறு சிறு தொகைகளைத் தனியே வைத்திருப்பதுதான். அவை எல்லாம் சபையின் பணமே. தனி நபர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் சபைப் பணம் ஒரு நாளும் இருக்கக் கூடாது. இருந்தால் அதை ஏப்ரலிலேயே சபைக் கணக்குக்கு மாற்றி, அந்தச் சங்கத்தின் பெயரில் உள்கணக்காகக் காட்டுங்கள். சங்கத்தாருக்கு வருத்தம் வரும். அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம் அவர்கள் தீர்மானப்படியே செலவாகும் என்று கமிட்டி எழுதிக்கொடுத்தால் அந்த வருத்தம் நீங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகள் விடுமுறை என்பதால் விடுமுறை வேதாகமப் பள்ளியும், பலர் ஊருக்குப் போவதும், ஆயர் மாற்றமும் ஒன்றாக வருகின்றன. அதனால் தணிக்கையை மே மாதத்தில் முடித்து, பொதுக்கூட்டத்தைப் பள்ளிகள் திறந்து குடும்பங்கள் திரும்பிய பின்பு, ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோ வைப்பது நல்லது. உங்கள் விதி இதற்கு முந்திய கெடுவைச் சொன்னால் அதற்கே கீழ்ப்படியுங்கள். தணிக்கையாளர் கமிட்டியாரின் உறவினராகவோ தொழில் கூட்டாளியாகவோ இருக்கக் கூடாது. அவர் முதலில் கேட்பது வவுச்சர்களைத்தான். வவுச்சர் ஒவ்வொன்றிலும் கமிட்டித் தீர்மான எண்ணைக் குறித்திருந்தால் தணிக்கையும் விரைவில் முடியும்.

பொதுக்கூட்ட அறிவிப்பை விதி சொல்லும் ஞாயிறுகளில் பீடத்திலிருந்து வாசிக்கச் செய்து, வாசித்த நாளையும் வாசித்தவரையும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே, ஒரு ஞாயிறையும் உள்ளடக்கி, பலகையில் இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் காலையில் கையில் தாளைக் கொடுத்துவிட்டு உடனே ஏற்புக் கேட்பது முறையன்று. அப்படிக் கேட்கும்போது நேர்மையான கணக்கின் மேலும் சந்தேகம் விழுகிறது. கூட்டத்தில் முந்தைய நிகழ்ச்சிக் குறிப்பு, அதன்மேல் எடுத்த நடவடிக்கை, ஆண்டறிக்கை, கணக்கு, வரவிருக்கும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம், தணிக்கையாளர் நியமனம் என்ற ஒழுங்கில் செல்லுங்கள். கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் பெறுவது நல்லது. ஆனால் அதைக் காரணம் காட்டி, எழுந்து நின்று கேட்கும் முதியவரை உட்கார வைத்துவிடாதீர்கள். பதில் தெரியாத கேள்விக்கு, இத்தனை நாளில் எழுத்தில் தருகிறோம் என்று சொல்லி, அதன்படி தந்துவிட்டால் போதும்.

வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரி பேராயத்துக்குச் செலுத்த வேண்டிய பங்காக இருக்கட்டும். ஆயர்களின் சம்பளமும், தன் செலவைத் தானே தாங்க முடியாத கிராமச் சேகரங்களின் ஊழியமும் அந்தப் பங்கை நம்பியிருக்கின்றன. நகரத்துச் சபை ஒலிபெருக்கி வாங்கிவிட்டு அந்தப் பங்கைப் பாக்கி வைப்பது, எங்கோ ஓர் ஊழியரின் வீட்டு அடுப்பைத் தொடும் செயல். இரண்டாவது வரி கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), உபதேசியார் (ஆயருக்கு உதவும் ஊழியர்), அலுவலக உதவியாளர் ஆகியோரின் ஊதியம். நியமனக் கடிதம், குறைந்தபட்ச ஊதியம், வார விடுப்பு, மருத்துவ உதவி ஆகியவை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அவர்களை வைத்திருக்கும் சபை, பீடத்திலிருந்து நீதியைப் பற்றிப் பேச உரிமையற்றது.

ஞாயிறு காணிக்கையை எண்ணுதல்

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லப்பட்டதும் காணிக்கைப் பைகள் நேரே, ஆயர் ஆராதனைக்கு ஆயத்தமாகும் வெஸ்ட்ரி அறைக்குப் போக வேண்டும். நடுவில் யாருடைய வாகனத்திலும், யாருடைய வீட்டிலும் தங்கக் கூடாது. அந்த வாரத்துக்கு நியமிக்கப்பட்ட இருவர், ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள், மேசைமேல் பைகளைக் கவிழ்த்து, முதலில் காணிக்கை உறைகளைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு உறையையும் பிரித்ததும் உள்ளிருந்த தொகையை உறையின்மேல் எழுதி, உறையில் கொடுத்தவர் எழுதிய தொகையோடு பொருந்தாவிட்டால் அப்போதே இருவரும் கையொப்பமிடுகிறார்கள். பின்பு தாள்களை மதிப்பு வாரியாக அடுக்கி, நாணயங்களை எண்ணி, அச்சிட்ட எண்ணுதாளில் ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று நிரப்புகிறார்கள். யு.பி.ஐ. வழியாக வந்த காணிக்கை இதில் சேராது. அதை வங்கி அறிக்கையிலிருந்து பொருளாளர் தனி வரியாக எடுக்க வேண்டும். கியூ.ஆர். அட்டை சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்தது என்பதை மாதம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பலகையில் ஒட்டிய அட்டைமேல் வேறொன்றை ஒட்டிவிடும் மோசடி நகரத்தில் புதிதன்று.

எண்ணுதாளின் மொத்தம் மூன்று இடங்களில் ஒரே எண்ணாக விழ வேண்டும்: எண்ணுதாளில், ரொக்கப் புத்தகத்தில், ஆராதனைப் பதிவேட்டில். பலர் ஆராதனைப் பதிவேட்டை ஆயர் கையெழுத்துப் போடும் புத்தகம் என்று மட்டும் நினைக்கிறார்கள். நாள், ஆராதனையின் வகை, பிரசங்கித்தவர், வந்தவர் தொகை, திருவிருந்தில் பங்குபெற்றவர் தொகை, காணிக்கை ஆகிய அனைத்தையும் அது ஒரே வரியில் தாங்குவதால், கணக்கை வெளியிலிருந்து சரிபார்க்கக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி அதுவே. திங்கட்கிழமை முழுத் தொகையையும் வங்கியில் செலுத்துங்கள். காணிக்கையிலிருந்து எடுத்துப் பூ வாங்கிவிட்டு மிச்சத்தைச் செலுத்தும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சில்லறைச் செலவுக்குத் தனி முன்பணம் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் கேட்பவை

ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு வருமானவரிக் கணக்கில் ஏற்கப்படாது, ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ஒரே நாளில் ரொக்கமாகப் பெறவே கூடாது. உங்கள் சேகரத்தின் கணக்கு பேராயத்தின் வருமானவரிக் கணக்கோடு சேர்கிறது என்றால், உங்கள் தாமதம் எல்லாச் சேகரங்களையும் பிடித்து நிறுத்திவிடும். தணிக்கை அறிக்கையைப் பேராயம் கேட்கும் நாளுக்கு முன்பே அனுப்புங்கள். ஆராதனைக்கும் சபை நடப்புக்கும் கொடுக்கப்படும் காணிக்கைக்கு 80ஜி என்று வழங்கும், கொடுப்பவருக்கான வரிச் சலுகை பொதுவாகக் கிடையாது. மார்ச் மாதம் ரசீது கேட்டு வரும் அங்கத்தினரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் மனம் நோகாதிருக்க வேண்டும் என்பதற்காக மழுப்புவது பின்னால் இருவருக்கும் சிக்கல்.

பெங்களூரில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வெளிநாட்டுப் பணம். நம் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகள் கடல் கடந்து இருப்பதால், ஞானஸ்நானத்துக்கோ பெற்றோர் நினைவுக்கோ அவர்கள் தொகை அனுப்ப விரும்புவது இயல்பு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அவர் தரும் ஒரு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடையே. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு இல்லாத சபை அதைப் பெறக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும். அவர் விடுமுறையில் வந்து ரூபாய் நோட்டாக உறையில் போட்டாலும் இதே நிலைதான். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறன்று இதைப் பொதுவாக அறிவித்துவிட்டால், தனித்தனியே மறுக்கும் சங்கடம் குறையும்.

சபை மண்டபத்தை வாடகைக்கு விடும் சபைகள் ஜி.எஸ்.டி.யையும் பார்க்க வேண்டும். வருமானவரிச் சட்டப்படி பதிவு பெற்ற சமய அமைப்பின் மண்டபத்துக்கு நாள் வாடகை ரூ. 10,000-க்குக் குறைவாகவும், அறைக்கு ரூ. 1,000-க்குக் குறைவாகவும், கடைக்கு மாத வாடகை ரூ. 10,000-க்குக் குறைவாகவும் இருந்தால் விலக்கு உண்டு. அதற்கு மேல் வாங்கும் சபை, மற்றச் சேவைகளையும் சேர்த்து ஆண்டு வரவு பதிவு எல்லையைத் தொடுகிறதா என்று பட்டயக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமப் பலகைகளில் 60 விழுக்காடு இடம் கன்னடத்துக்கு என்ற 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தை மனத்தில் வைத்து, புதிய பலகை எழுதும்போது கன்னடத்தை மேலே பெரிதாக எழுதுங்கள். சட்டத்துக்காக மட்டுமின்றி, இருநூறு ஆண்டுகளாக நமக்கு இடம் தந்திருக்கும் மண்ணுக்கான மரியாதையாகவும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் தயக்கத்துக்கே இடமில்லை. ஓய்வுநாள் பாடசாலை, விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம் ஆகிய எதிலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. எப்போதும் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். சபையின் பெயருக்கு இழுக்கு வரும் என்று கமிட்டி உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பார்ப்பது பாவத்தை மூடி வைப்பதாகும். உதவி எண் 1098-ஐ ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதிவையுங்கள்.

கட்டடமும் சொத்தும்

ஆலயம், குருமனை (ஆயரின் இல்லம்), கல்லறை நிலம் ஆகியவை சேகரத்தின் உடைமை அல்ல. அவை சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன; அதன் சார்பில் பேராயம் கவனிக்கிறது. ஆகவே ஓரடி நிலத்தைக்கூட விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பக்கத்து நிலத்தாருக்கு வழி விட்டு எழுதிக் கொடுக்கவோ கமிட்டிக்கு அதிகாரம் இல்லை. அளவுக் கல், வேலி, ஆவணப் படிகள், மின், குடிநீர் இணைப்பு ரசீதுகள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும் முன், மே மாதத்தில் கூரையை ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும்; கண்டோன்மென்ட்டின் பழைய ஆலயங்களில் ஓடு நகர்ந்திருப்பதும், மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருப்பதும், சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஈரம் ஏறுவதும் அப்போதுதான் சிறு செலவில் சரியாகும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூச்சு போடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சோடு செங்கல்லும் பெயர்ந்துவிடும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியைத் தூர்வாருவதும் இதே மாதத்து வேலை.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

ஆண்டின் பிற்பாதி வேகமாகப் போகும். திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயரின் நாளை ஆறு மாதங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வகுப்பில் சேரும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றைத் தொடக்கத்திலேயே வாங்குங்கள், கடைசி வாரத்தில் ஊர்ச் சபைக்குத் தொலைபேசியில் அலைய நேராது. செப்டம்பரில் திருச்சபை அமைந்த நாள் வருகிறது. பக்கத்துக் கன்னடச் சபையையும் ஆங்கில ஆராதனையாரையும் அழைத்து ஒன்றாகத் திருவிருந்து கொள்வதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

அறுப்பின் பண்டிகையில் ஏலம் இருந்தால் கணக்கை இரண்டு நிரலாக எழுதுங்கள்: ஏலத்தில் சொன்ன தொகை, கையில் வந்த தொகை. ஒரு பூசணிக்காய்க்கு மகிழ்ச்சியோடு ஐயாயிரம் சொன்னவர் அதைத் தரும் நாள் அடுத்த மாதமாக இருக்கலாம். வராத தொகையை வரவாகக் காட்டிச் செலவுத் திட்டம் போட்டால் டிசம்பரில் இடிக்கும். ஏலம் கூறும்போதே பக்கத்தில் ஒருவர் பொருள், பெயர், தொகை மூன்றையும் எழுதிக்கொண்டு, பொருளைக் கையில் கொடுக்கும்போது சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏலம் கேட்க வசதியில்லாதவர்கள் கொண்டுவந்த பிடி அரிசியும் முட்டையும் அறிவிப்பில் விடுபடாதிருக்கட்டும்.

அட்வெந்துக்கு முன் வாசகர் பட்டியல், பாடகர் வீடு சந்திப்பு வரிசை, முதியோருக்கு வீட்டில் நற்கருணை தரும் நாட்கள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ஒலிபெருக்கியை ஆலயத்துக்கு வெளியே வைக்க நினைத்தால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ள 2000-ஆம் ஆண்டு விதிகளைக் கருத்தில் கொண்டு, அந்த ஆண்டுக்கு அரசு தளர்வு அறிவித்துள்ளதா என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வண்டி நிறுத்தத்துக்கும் அதே கடிதத்தில் உதவி கேட்டுவிடலாம். ஜனவரியில் கமிட்டி அரையாண்டுக் கணக்கை மட்டுமன்றி ஒன்பது மாதக் கணக்கை முழுதும் பார்த்து, மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடுகளை எப்படிக் கையாளுவது என்று அப்போதே தீர்மானிக்க வேண்டும்.

ஆயர் மாறும்போது

இடமாற்ற உத்தரவு வந்தபின் வழியனுப்பு விழாவைத் திட்டமிடுவதற்கு முன்பே ஒப்படைப்புப் பட்டியலைத் தொடங்குங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளின் கடைசி எண், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிகளில் நிலுவை ஏதேனும் உண்டா என்ற குறிப்பு, பயன்படுத்தாத சான்றிதழ்ப் புத்தகங்களின் தொடர் எண், திருவிருந்துப் பாத்திரங்கள் ஒவ்வொன்றின் எடையும் அதில் பொறித்திருக்கும் எழுத்தும், பெட்டகச் சாவிகள், குருமனையிலுள்ள சபைப் பொருட்கள், வங்கியில் கையொப்பம் மாற்றும் தீர்மானம் ஆகியவை அதில் இடம் பெற வேண்டும். பாத்திரங்களைப் படமெடுத்து இணைப்பது இப்போது எளிது. போகும் ஆயர், வரும் ஆயர், செயலர், பொருளாளர் நால்வரும் ஒரே அறையில் இருந்து ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்துக் கையொப்பமிட்ட பின், ஒரு படியைப் பேராய அலுவலகத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைச் சபைப் படியில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வரும் ஆயர் பொறுப்பேற்ற முதல் கமிட்டிக் கூட்டத்தில் இந்தப் பட்டியலை வாசித்துப் பதிவு செய்த பிறகே மற்றப் பொருள்களுக்குச் செல்ல வேண்டும்.